கல்யாணக் கனவும் கதவு தட்டப்பட்ட இரவும்



விழுப்புரத்தில் சகோதரிகள் உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வாலிப சகோதரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் ஒரு நோட்டு. பிரித்துப் பார்த்தால், தன் கல்யாணத்தைப் பற்றி வருஷ வாரியாகத் திட்டம் போட்டு எழுதி வைத்திருக்கிறாள். எந்த வருஷம் நிச்சயதார்த்தம், மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், எந்த ஊரில் வீடு, முதல் பிள்ளை எப்போது, எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஆமென் போட்டு, அதற்குக் கீழே ஜெபக் குழுவில் நாலைந்து பேரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். நானும் ஒரு கையெழுத்துப் போட வேண்டுமாம். கர்த்தருடைய கையெழுத்தைத் தவிர மற்ற எல்லாருடைய கையெழுத்தும் தயார்!

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவளைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது. ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தவள்தான்.

நான் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். ரயில் சத்தத்தை வைத்துத்தான் எங்கள் வீட்டில் மணி பார்ப்பார்கள். ஆகையால் எனக்கு ஒரே ஆசை, ரயில்வே மாப்பிள்ளை. நிரந்தர உத்தியோகம், குவார்ட்டர்ஸ், வருஷத்துக்கு இத்தனை பாஸ், குடியிருப்பு மதறாஸில். இதற்காக மூன்று நாள் உபவாசம் வேறு இருந்தேன். சம்பந்தம் வந்தது திண்டிவனத்திலிருந்து. மாப்பிள்ளை மல்லாட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவர். மதறாஸுக்குப் போகிற ரயில் திண்டிவனத்தில் நிற்கும் அல்லவா, நான் அங்கேயே இறங்கிவிட்டேன். அவ்வளவுதான் என் மதறாஸ் பயணம்.

கல்யாணம் ஆன முதல் வாரம் புழக்கடையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நாற்பது கிலோமீட்டர்கூட இராது. ஆனாலும் அழுகை. என் மாமியார் வந்து பார்த்தார்கள். கோபப்படுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ முந்தானையை உதறிப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த ஊருக்கு வந்து அழுதவள் நீ ஒருத்தி மட்டும் இல்லையம்மா, நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இங்கேயிருந்து எப்போது புறப்படலாம் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தாள், தெரியுமா என்று கேட்டு ஒரு கதை சொன்னார்கள். அந்தக் கதையைத்தான் நோட்டு வைத்திருந்த பிள்ளைக்கும் சொன்னேன். இப்போது உங்களுக்கும் எழுதுகிறேன். மாமியார் சொன்னதோடு நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஐடா சோபியா ஸ்கடர். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை ஸ்தாபித்த அம்மையார் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆனால் திண்டிவனத்துக்கு வந்தபோது அவள் அம்மையாரும் இல்லை, டாக்டரும் இல்லை. இருபது வயதைத் தொட்ட ஒரு குறும்புக்காரப் பெண். ஆகையால் அவர்கள் டாக்டர் ஆகிற வரைக்கும் அவள் என்றே எழுதுகிறேன், பெரியவர்கள் மன்னிக்கவும்.

ஸ்கடர் குடும்பம் என்றால் சாதாரணக் குடும்பம் அல்ல. ஐடாவின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் பார்த்தவர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்த வேளையில் கையில் கிடைத்த ஒரு சிறிய கைப்பிரதியை வாசித்தார். அதோடு அவருடைய பிராக்டீஸ் முடிந்தது. 1819-ல் கப்பலேறி யாழ்ப்பாணத்துக்கு வந்து, 1836-ல் சென்னைக்கு வந்து ஊழியம் செய்தார். அமெரிக்காவிலிருந்து மருத்துவ மிஷனெரியாகப் புறப்பட்ட முதல் ஆள் அவரே. அவருடைய பிள்ளைகளில் ஏழு மகன்கள் ஊழியத்துக்கு வந்தார்கள். 1853-ல் அமைந்த ஆற்காடு மிஷனில் அந்தக் குடும்பத்தாரே முன்னணியில் நின்றார்கள். தலைமுறை தலைமுறையாக அந்த வீட்டிலிருந்து நாற்பது பேருக்கு மேல் மிஷனெரிகளானார்கள். கைப்பிரதி கொடுக்கிற சகோதரிகள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும். கிழித்துப் போட்டார்களே என்று சோர்ந்து போகாதீர்கள்.

இப்படிப்பட்ட வீட்டில் 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் ஐடா பிறந்தாள். ஐந்து அண்ணன்களுக்குப் பிறகு கடைசியாக ஒரே பெண் பிள்ளை. அப்பாவும் டாக்டர், அவர் பெயரும் ஜான் ஸ்கடர்தான். பிறந்த உடனேயே இவள் ஊழியக்காரி என்று எல்லாரும் முடிவு கட்டியிருப்பார்கள். நம்முடைய வீடுகளிலும் பாஸ்டர் பிள்ளை என்றால் அப்படித்தானே?

ஐடாவுக்கோ இந்தத் தேசத்தைக் கண்டாலே பயம். அதற்குக் காரணம் உண்டு. 1876 முதல் 1878 வரைக்கும் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் செத்தார்கள். அப்போது ஐடா ஆறு ஏழு வயதுக் குழந்தை. வேலூரில் மிஷன் பங்களாவுக்கு முன்னால் எலும்பும் தோலுமாக வந்து விழுந்த பிள்ளைகளுக்கு அவள் ரொட்டி கொடுத்தாள். ரொட்டியைப் பிட்டு வாயில் வைத்துக்கொள்ளக்கூட சிலருக்குச் சீவன் இல்லை, இவளே ஊட்டிவிட வேண்டியிருந்தது. ஆறு வயதில் கண்ணால் கண்டது லேசில் போகுமா? அதற்கப்புறம் குடும்பம் அமெரிக்காவுக்குப் போனது. நெப்ராஸ்காவில் பண்ணை, மாடு, குதிரை, வயிறாரச் சாப்பாடு. இனி இந்தியா வேண்டவே வேண்டாம் என்று அந்தக் குழந்தை நினைத்ததை நான் குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இந்தியா அவளை விடவில்லை. முதலில் அப்பா திரும்பிப் போனார். சில காலம் கழித்து அம்மாவும் போய்விட்டார்கள். பிள்ளை சிகாகோவில் உறவினர் வீட்டில். அம்மா புறப்பட்ட அந்த ராத்திரி, அம்மாவின் படுக்கையில் போய் விழுந்து விடிய விடிய அழுதாளாம். ஊழியம் என்றால் தாயையும் பிள்ளையையும் பிரிக்கிற காரியம் என்று அவள் மனதில் பதிந்தது. ஊழியக்காரர் வீட்டுப் பிள்ளைகளுடைய மனது எப்படியிருக்கும் என்று சபையில் நாம் யாரும் கேட்பதில்லை. கேட்டால் நல்லது.

பிறகு நார்த்ஃபீல்டு என்ற ஊரில் பெண்கள் பள்ளியில் படித்தாள். அந்தப் பள்ளியை நடத்தியவர் யார் தெரியுமா? நாம் கூட்டத்துக்குக் கூட்டம் பெயர் சொல்கிற எழுப்புதல் பிரசங்கியார் டி.எல். மூடி அவர்கள்தான். லட்சக்கணக்கான ஆத்துமாக்களை அசைத்த மனுஷன் ஸ்தாபித்த பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படித்தும் இந்தப் பெண் ஊழியத்துக்கு என்று ஒப்புக்கொடுக்கவில்லை! சேட்டையிலேதான் அவள் முதல். அவளுடைய திட்டம் தெளிவாக இருந்தது. படிப்பு முடிய வேண்டும், ஒரு கோடீஸ்வரனைக் கட்டிக்கொள்ள வேண்டும், அமெரிக்காவிலேயே சொகுசாக வாழ வேண்டும். அவள் வரலாற்றை எழுதியவர்கள் இதை மறைக்கவில்லை. என்னுடைய ரயில்வே மாப்பிள்ளை இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

1890-ல் ஒரு தந்தி வந்தது. திண்டிவனத்தில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வரவும். அப்போது அவளுடைய தகப்பனார் திண்டிவனத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். அந்நாளில் அது தென்னாற்காடு ஜில்லா. விழுப்புரம் மாவட்டம் என்று 1993-ல்தான் பிரித்தார்கள். மகள் கப்பலேறி வந்தாள். வரும்போதே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், அம்மாவுக்குக் குணமாகிற வரைக்கும்தான், அதற்கப்புறம் ஒரு நாள்கூட இருக்க மாட்டேன். யோனா தர்ஷீசுக்குச் சீட்டு வாங்கினான். இவளோ நினிவேக்கு வந்து, திரும்பிப் போகிற சீட்டை இடுப்பில் முடிந்து வைத்திருந்தாள்.

அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா நடத்திவந்த பெண் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொண்டாள். சும்மா சொல்லக்கூடாது, கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்தாள். மனது மட்டும் அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. திண்டிவனத்து வெயிலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் இன்றைக்கு ஃபேன் போட்டே தாங்க முடியவில்லை. அந்தக் காலத்தில் பங்காதான், அதுவும் இழுக்க ஆள் இருந்தால்.

இப்படியிருக்கும்போது ஒரு ராத்திரி வந்தது. 1890-களின் ஆரம்பத்தில் திண்டிவனத்து மிஷன் பங்களாவில் நடந்த காரியம் இது.

ஐடா விளக்கடியில் தனியே உட்கார்ந்திருந்தாள். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம். கதவண்டை ஒரு பிராமணர், வாலிபர், நல்ல படிப்பாளி. அவருடைய மனைவி மிகவும் இளவயதுப் பெண், பிரசவ வேதனையில் கிடக்கிறாள், மருத்துவச்சியால் ஒன்றும் ஆகவில்லை, கையை விரித்துவிட்டாள். அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மாள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். ஐடா சொன்னாள், எனக்கு வைத்தியம் தெரியாது, என் அப்பாதான் டாக்டர், இப்போதே அழைத்து வருகிறேன், நானும் கூட வந்து உதவி செய்கிறேன் என்று. அந்த மனிதர் பின்வாங்கினார். அந்நிய ஆடவன் எங்கள் வீட்டுப் பெண்ணைப் பார்க்கக் கூடாது, அதற்கு அவள் செத்தே போகலாம் என்று சொல்லிவிட்டு இருட்டில் போய்விட்டார்.

இவளுக்கு மனது பதைத்தது. அப்பாவிடம் போய்ச் சொன்னாள். அப்பா மட்டும் என்ன செய்வார்? கூப்பிடாத வீட்டுக்குள்ளே டாக்டர் எப்படிப் போக முடியும்?

மறுபடியும் காலடிச் சத்தம். அந்த ஐயர்தான் மனசு மாறித் திரும்பி வந்தார் என்று ஐடா ஓடிவந்து பார்த்தாள். வந்தவர் ஒரு முஸ்லீம். அதே காரியம். மனைவிக்குப் பிரசவம், பிள்ளை வரவில்லை. இந்த முறை அப்பாவையே நேரில் கூட்டிவந்து நிறுத்திப் பேசினாள். பலன் இல்லை. கோஷா முறை அது. வீட்டு ஆண்களைத் தவிர வேறு ஆண் முகம் அந்தப் பெண் கண்டதே இல்லை. அவரும் போய்விட்டார்.

மூன்றாம் முறையும் ஒருவர் வந்தார். வேறொரு உயர்ந்த ஜாதி இந்து. சொன்னது அதே வார்த்தை, போனதும் அதே போக்கு.

ஒரே ஊர், ஒரே ராத்திரி, மூன்று வீடு. மூவரும் ஒருவர் வந்ததை ஒருவர் அறியார்கள். நாம் ஞாயிறு பள்ளியில் சாமுவேலின் கதையை எத்தனை தரம் சொல்லியிருப்போம்! அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஆண்டவருடைய சத்தம். இங்கே ஐடாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பரலோகத்திலிருந்து வெளிச்சமும் வரவில்லை. வந்ததெல்லாம் மூன்று புருஷர்கள், பெண்டாட்டியைக் காப்பாற்ற வழி தெரியாமல் ராத்திரியில் ஓடிவந்தவர்கள்.

அன்றைக்கு அவள் தூங்கவில்லை. படிப்பு, சிநேகிதிகள், கனவு கண்ட வாழ்க்கை எல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கூப்பிடு தூரத்தில் மூன்று பெண்கள், அவளைவிட இளையவர்கள், செத்துக்கொண்டிருக்கிறார்கள். கர்த்தரோடு வழக்காடினாள். ஜெபித்தாள் என்றும் அழுதாள் என்றும் அவர்களே பிற்காலத்தில் எத்தனையோ கூட்டங்களில் சாட்சியாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தேசத்தில் இருக்க எனக்கு இஷ்டமில்லை என்பதையும் மறைக்காமல் ஆண்டவரிடம் சொன்னாள். அந்த உண்மை எனக்குப் பிடித்திருக்கிறது. நாமோ இஷ்டமில்லாததையும் இஷ்டம் போலப் பாட்டாகப் பாடிவிடுகிறோம்.

விடிந்தது. தெருவில் சாவு மேளச் சத்தம். வேலைக்காரரை அனுப்பி விசாரிக்கச் சொன்னாள். அவர் வந்து சொன்ன செய்தி, மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

ஐடா தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெகு நேரம் கழித்து வெளியே வந்து, அப்பாவிடமும் அம்மாவிடமும் தன் முடிவைச் சொன்னாள். அமெரிக்காவுக்குப் போகிறேன், ஆனால் டாக்டருக்குப் படித்துவிட்டு இந்த ஜனங்களிடத்துக்கே திரும்பி வருவேன் என்று. பார்த்தீர்களா, திரும்பிப் போகும் சீட்டு வீணாகவில்லை. போக வேண்டிய ஊரும் மாறவில்லை. போகிற காரணம்தான் மாறிப்போச்சு.

இந்த இடத்தில் நோட்டுக்காரப் பிள்ளை என்னைத் தடுத்து ஒரு கேள்வி கேட்டாள். ஆண்ட்டி, ஐடாவைக் கூப்பிடுவதற்காக அந்த மூன்று பேரும் ஏன் சாக வேண்டும் என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கர்த்தர் மூன்று பேரை எடுத்து ஒருத்தியை எழுப்பினார் என்று சிலர் பிரசங்கம் பண்ணக் கேட்டிருக்கிறேன். என் வாயால் அதைச் சொல்ல முடியவில்லை. அந்த மூன்று பேருக்கும் தாய் இருந்திருப்பாள். அவர்கள் செத்ததற்குக் காரணம் அந்தக் காலத்துக் கட்டுப்பாடும், பெண்ணுக்குப் பெண் டாக்டர் இல்லாத குறையும்தான். சென்னைப் பட்டணத்தில் 1885-லேயே பெண்களுக்கென்று கோஷா ஆஸ்பத்திரி வந்திருந்தது. ஆனால் திண்டிவனத்தில் நடு ராத்திரியில் வலி கண்டவளுக்கு எண்பது மைலுக்கு அப்பால் இருக்கிற ஆஸ்பத்திரி என்ன பிரயோஜனம்? ஐடா ஸ்கடர் பெயர் எல்லாருக்கும் தெரியும். அந்த மூன்று சகோதரிகளின் பெயர் நான் படித்த எதிலும் இல்லை. அன்றைய ஜெபத்தில் பெயர் தெரியாத அந்த மூவரையும் நினைத்து நாங்கள் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தோம். நம்முடைய ஜெபக் கூட்டத்தில் அமைதி எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்கே தெரியும்.

இனி அம்மையார் என்றே எழுதுகிறேன். 1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார்கள். 1898-ல் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்து மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார்கள். வேலூரில் பெண்களுக்கு ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டுகிற பொறுப்பும் அவர்கள் தலையில் விழுந்தது. கப்பலுக்குச் சில நாட்களே இருக்க, கையில் ஒன்றும் பெரிதாகச் சேரவில்லை. ஒரு வீட்டுக்குப் போய், அங்கேயிருந்த அம்மாளிடம் திண்டிவனத்து ராத்திரியைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து அறையில் ஷெல் என்ற வயதான வங்கிக்காரர் இருந்தது இவர்களுக்குத் தெரியாது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் கூப்பிட்டனுப்பி, இறந்துபோன தன் மனைவியின் ஞாபகமாகப் பத்தாயிரம் டாலருக்குச் செக் கொடுத்தார். கோடீஸ்வரனைத் தேடினவர்களுக்குக் கர்த்தர் ஒரு பணக்காரரைக் காட்டத்தான் செய்தார். மாப்பிள்ளையாக அல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்!

1900 ஜனவரியில் வேலூர் வந்து சேர்ந்தார்கள். இப்போதாவது திட்டம் நேராகப் போகும் என்றுதானே நினைப்போம்? அப்பா பெரிய அனுபவசாலி, அவர் பக்கத்தில் இருந்து சில வருஷம் தொழில் பழகிக்கொள்ளலாம் என்று அம்மையார் எண்ணியிருந்தார்கள். அந்த மே மாதமே அப்பா புற்றுநோயால் இறந்துபோனார். கையில் புதுப் பட்டம், கட்டாத ஆஸ்பத்திரி, விதவையான தாயார். தேவ சித்தத்துக்கு ஒப்புக்கொடுத்தால் எல்லாம் பூப்போல நடக்கும் என்று சொல்லுகிற பிரசங்கியார்கள் இந்தப் பக்கத்தை வாசிக்க வேண்டும்.

பங்களாவில் ஒரு சின்ன அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதுதான் முதல் மருந்தகம். முதலில் ஜனங்கள் வரப் பயந்தார்கள். பிறகு இரண்டே வருஷத்தில் ஐயாயிரம் பேருக்கு வைத்தியம் பார்த்தார்கள். 1902-ல் நாற்பது படுக்கையோடு ஆஸ்பத்திரி திறந்தது. அந்த வங்கிக்காரரின் மனைவி மேரி டேபர் ஷெல் அம்மாளின் பெயரை அதற்கு வைத்தார்கள். வர முடியாதவர்களை வழியிலேயே பார்ப்போம் என்று குடியாத்தம் சாலையில் மரத்தடி வைத்தியம் ஆரம்பித்தார்கள். முதலில் மாட்டுவண்டி, 1909-ல் ஒரு சின்ன பெஜோ கார். மாடு இல்லாமல் ஓடுகிற வண்டியைக் கண்டு பேய் வருகிறது என்று ஜனங்கள் ஓடி ஒளிந்தார்களாம். அதே வருஷத்தில் நர்ஸ் பள்ளியும் தொடங்கிற்று.

ஒரே ஒரு பெண் டாக்டர் எத்தனை கதவுக்குத்தான் போக முடியும்? நம் தேசத்துப் பெண்களே டாக்டர்களாக வேண்டும் என்று 1918 ஆகஸ்டில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார்கள். சர்க்கார் மருத்துவத் துறையின் பெரிய அதிகாரிக்கு நம்பிக்கை இல்லை, மூன்று பேர்கூட மனுப் போட மாட்டார்கள் என்று நினைத்தார். மனுக்களோ, எடுக்க முடியாத அளவுக்கு வந்து குவிந்தன. முதல் வருஷப் பரீட்சைக்குப் போனபோது, ஆண்களிலேயே ஐந்தில் ஒருவர்தான் தேறுகிறார், உங்கள் பெண்கள் தவறினால் வருத்தப்படாதீர்கள் என்றார். எழுதிய பெண்கள் அத்தனை பேரும் தேறினார்கள். என் மாமியார் இந்த இடத்தைச் சொல்லும்போது ஏதோ தானே பரீட்சை எழுதினது போல நிமிர்ந்து உட்கார்வார்கள். அவர்கள் மூன்றாம் வகுப்பு.

வருஷம் ஓடிற்று. தோட்டப்பாளையத்தில் பெரிய ஆஸ்பத்திரி, பாகாயத்தில் கல்லூரி வளாகம் என்று வளர்ந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் டாக்டர் ஐடா, இந்தியா என்ற விலாசத்தோடு மட்டும் வந்து ஒழுங்காக அவர்கள் கையில் சேர்ந்தது என்று சொல்வார்கள்.

ஆனால் இன்னொரு திட்டமும் உடைய வேண்டியிருந்தது. அம்மையாருடைய பள்ளி பெண்களுக்கு மட்டும். அதில் அவர்கள் உறுதி. 1938 வாக்கில் சர்க்கார் பழைய டிப்ளமா படிப்பை ஏற்காமல், எம்.பி.பி.எஸ். தரத்துக்கு உயர்த்து, இல்லாவிட்டால் மூடு என்ற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டது. அதற்கு ஏகப்பட்ட பணம், ஏகப்பட்ட பேராசிரியர்கள் வேண்டும். அம்மையாருக்கோ எழுபது வயது. மறுபடியும் அமெரிக்காவுக்குப் போய், ஊர் ஊராகச் சபை சபையாகப் பேசினார்கள். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் கல்லூரி பிழைக்கும் என்றபோது, பெண்களுக்கென்று பணம் கொடுத்த பழைய சிநேகிதிகள் எதிர்த்தார்கள். நாற்பது வருஷத்துக் கனவைக் கையால் திருத்தி எழுதுவது லேசான காரியமா? அம்மையார் சம்மதித்தார்கள். 1942-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் வந்தது. 1947-ல் ஆண் மாணவர்களும் சேர்ந்தார்கள்.

அம்மையார் கல்யாணம் செய்துகொள்ளவே இல்லை. அதை நினைத்து வருந்தினார்களா, என் மாமியாரிடம் கேட்டேன். அவ்வளவு பிரசவம் பார்த்தவர்களுக்கு அதை நினைக்க ஏது நேரம் என்றார்கள். அது மாமியாருடைய பதில், அம்மையாருடையது அல்ல. தள்ளாத வயதிலும் டென்னிஸ் ஆடுவார்கள், தோட்டத்தில் பூச்செடி வைப்பார்கள், சிரிக்க வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். நார்த்ஃபீல்டு சேட்டை கடைசி வரை போகவில்லை போலும். 1946-ல் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் இருந்தார்கள். 1960 மே மாதம் அங்கேயே, எண்பத்தொன்பது வயதில் கர்த்தரண்டை போனார்கள். 2000-ல் சி.எம்.சி.யின் நூறாவது ஆண்டுக்கு இந்திய சர்க்கார் தபால் தலை வெளியிட்டது. திண்டிவனத்தில் ஸ்கடர் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் உண்டு. அந்த வழியே போகும்போது இந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

அவர்கள் நம்முடைய சபைப் பிரிவைச் சேர்ந்தவர்கள் அல்ல. அந்நிய பாஷை பேசினதாக யாரும் எழுதவில்லை. இதையெல்லாம் இந்தப் பத்திரிகையில் ஏன் எழுதுகிறாள் என்று சிலர் கேட்கக்கூடும். அதற்குத்தான் என்னுடைய காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கல்யாணமாகி இரண்டாம் வருஷம் எனக்கு முதல் பிரசவம். வீட்டிலேயே வலி கண்டது. பொழுது சாய்ந்தும் பிள்ளை வரவில்லை. சகோதரிகள் சுற்றிலும் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். அந்த ஜெபத்துக்கு நான் இன்றைக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமா என்ற பேச்சு வந்ததும், அது விசுவாசக் குறைவு, காத்திருப்போம் என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். என் புருஷர் சாது. பெரியவர்களை எதிர்த்துப் பேசினவரே அல்ல. ராத்திரி ஒரு மணிக்கு என் சத்தம் குறைய ஆரம்பித்தது. அப்போது என் மாமியார் ஜெபத்திலிருந்து எழுந்து, மகனுடைய தோளைப் பிடித்துத் தூக்கி, இந்த ஊரில் மூன்று பெண்கள் போனது போதும், போய்க் கதவைத் தட்டுடா என்றார்களாம். எனக்கு அந்நேரம் நினைவில்லை, மற்றவர்கள் சொன்னது.

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். லேடி டாக்டர் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். இரண்டாவது தட்டுக்கே உள்ளே விளக்கு எரிந்தது. அந்த அம்மா எங்கே படித்தவர்கள், யாரிடத்தில் தொழில் பழகினவர்கள் என்று கேட்க எங்களுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ரிக்‌ஷாவில் தூக்கிப்போய், விடியற்காலை நாலரை மணிக்குப் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை.

பெயர் வைப்பதில்தான் சண்டை. என்னுடைய நோட்டில் பெண் பிறந்தால் வைக்க ஒரு பெயர் எழுதி வைத்திருந்தேன், ரயில்வே மாப்பிள்ளை போனாலும் அந்தப் பெயரையாவது விடுவதில்லை என்று இருந்தேன். மாமியார் விடவில்லை. பிரதிஷ்டை அன்றைக்குப் பாஸ்டர் ஐயா பிள்ளையைக் கையில் வாங்கி, பெயர் என்ன என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து மாமியார் ஐடா என்று உரக்கச் சொல்லிவிட்டார்கள். ஐயாவும் அதையே சொல்லி ஜெபித்துவிட்டார்.